உதை தவறிய ஞாயிறு

பந்து மஞ்சள் கம்பத்தில் பட்டு டொங் என்று ஒரு சத்தம் வந்தது.

தொலைக்காட்சியில் இந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரோ வாளியைக் கைதவற விட்ட மாதிரிச் சின்னதாக இருக்கும். அன்று மியூனிக் மைதானத்தில், ஆறிப்போன உருளைக்கிழங்குப் பொரியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது என் பல்லிலேயே பட்ட மாதிரி இருந்தது.

பந்து கம்பத்துக்கு இந்தப் பக்கமே விழுந்தது. எங்கள் அணிக்குக் கிடைக்க வேண்டிய மூன்று புள்ளிகளும் போயின. உதைத்தவன் தலையைக் குனிந்து தன் வலது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிழை அங்கேதான் எழுதியிருக்கிறது என்பது போல.

எங்கள் பக்கத்து இருக்கைகள் முழுவதும் ஒரு கணம் வாயடைத்துப் போயின. அந்த அமைதியில்தான் நான் கத்தினேன். அதுவும் தமிழில்.

"இருக்கிறது ஒரே ஒரு வேலை! அதைக்கூடச் செய்யத் தெரியாட்டி நீ என்னத்துக்கு?"

பக்கத்தில் நின்ற என் மகள் டிலானி சட்டென்று என்னைப் பார்த்தாள். முன் வரிசையில் போர்வையைப் போர்த்தியபடி இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் திரும்பிப் பார்த்தார்.

கிளித்தட்டு விளையாட்டு

போன வாரம் அகதி விடுதியில் சமையல் பழகிய கதையை எழுதியபோது, என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே சுவிட்சர்லாந்தில், பேர்ணிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அண்ணை, மன்னாரிலை பிறந்து ஊஸ்டரிலை சமைக்கிற உங்களுக்கும் அமெரிக்கன் ஃபுட்போலுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி.

முதன்முதலில் அந்த ஆட்டத்தைப் பார்த்தது அதே அகதி விடுதியில்தான். பொது அறைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு ஜெர்மன் அலைவரிசை. தலைக்கவசம் போட்ட தடியன்கள் ஆளையாள் மோதி விழுந்தார்கள். ஒருவன் விசில் ஊதினான். எழும்பி வரிசையாக நின்று மறுபடி மோதினார்கள். "இவங்கள் என்னத்துக்கு அடிபடுறாங்கள்?" என்று என்னோடு இருந்த பெடியன் கேட்டான். "நிலத்துக்குத்தான்" என்றேன். பகிடியாகச் சொன்னது. பிறகு பார்த்தால் அதுதான் முழு விளையாட்டும்.

தெரியாதவர்களுக்குக் கிளித்தட்டை வைத்துத்தான் விளக்குவேன். கோடு கோடாகப் பிரித்த மைதானம். மறிக்கிறவர்களைத் தாண்டிக் கோடு கோடாக முன்னேற வேண்டும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. தாண்ட முடியாது போலிருந்தால் உதைப்பவனைக் கூப்பிடுவார்கள். அவன் தூரத்தில் நின்று இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை அடித்தால் மூன்று புள்ளி. மற்ற நேரமெல்லாம் அவன் ஓரத்தில் சும்மா நிற்பான். அவனுக்கு வேறு வேலை கிடையாது.

எங்கள் அணியின் பெயரை எழுதக் கூடாது என்பது டிலானியின் நிபந்தனை. அமெரிக்காவின் நடுவிலே, குளிரான ஓர் ஊரின் அணி என்று மட்டும் சொல்கிறேன். உதைப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சின்னவன். அந்த மலை மாதிரி ஆட்களுக்கு நடுவில் அவன் ஒருவன்தான் சாதாரண மனித அளவில் இருப்பான். பயிற்சியாளருக்குப் பெயர் பிரின்சிப்பல். கண்ணாடியும், வாயை மறைக்கிற காகிதமும், யாரையும் நம்பாத பார்வையும்.

டிலானி ஃப்ரிபூர்க் ஆஸ்பத்திரியில் கதிர்ப்படம் எடுக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். சூரிச்சுக்குப் பக்கத்தில், ஊஸ்டரில் நானும் மனைவி ஜெசிந்தாவும். ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் டிலானி தொலைபேசி எடுப்பாள். ஆட்டம் முடியும்வரை கதைப்போம். அவள் வீட்டுத் தொலைக்காட்சி எங்களுடையதைவிட சில நொடி முந்தி. ஆகவே அவள் "ஐயோ" என்றால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. "சாப்பிட்டியோ?" "ஓம்." "குளிரோ?" "ஓம்." அதோடு சரி.

போன சீசன் தொடக்கத்தில் எங்கள் அணி வெளுத்து வாங்கியது. பந்தை எறிகிற தலைவன், நாங்கள் கப்டன் என்போம், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் அது ஆள் கையில் போய் இருந்தது. வரிசையாக வெற்றி. அமெரிக்க அணிகள் சில நேரம் ஜெர்மனிக்கு வந்து ஆடுவதுண்டு. அந்தமுறை எங்கள் அணியின் முறை. டிலானி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, "அப்பா, சமையற்கூடத்திலை திங்கட்கிழமை லீவு கேளுங்கோ" என்றாள். என் பிறந்தநாளுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்துக் கதைத்து நான் கேட்டதில்லை.

டிலானியின் மொழிபெயர்ப்பு

மைதானத்துக்கு வருகிறேன்.

முன்னால் இருந்த பெண் திரும்பியபோது தோளிலிருந்த போர்வை நழுவியது. எங்கள் அணியின் சட்டைதான் போட்டிருந்தார். முதுகில் சின்னவனின் எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் "அம்மா" என்று இருந்தது.

கையிலிருந்த பொரியலைக் கீழே வைத்தேன்.

அறுபது வயதிருக்கும். குட்டையான உருவம், கம்பளிக் கையுறை, மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. டிலானியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் அப்பா என் மகனைப் பற்றி ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?"

டிலானி ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "கவலைப்படாதே, அடுத்ததை நிச்சயம் அடிப்பாய் என்று சொன்னார்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. கையுறையைக் கழற்றினார். என் கையைப் பிடித்தார்.

"நன்றி ஐயா. இன்றைக்கு முழுவதும் அவனைப் பற்றி ஒரு நல்ல சொல் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதையும் அன்பாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் பெரிய தண்டனை. அவர் எங்களோடு கதைக்கத் தொடங்கினார். நாட்டை விட்டு வெளியே வருவது இதுதான் முதல்தடவையாம். இந்த ஆட்டத்துக்காகத்தான் கடவுச்சீட்டே எடுத்தாராம். பாடசாலை ஒன்றின் சமையற்கூடத்தில் வேலையாம். "என்ரை அப்பாவும் சமையல்தான்" என்று டிலானி ஆங்கிலத்தில் சொன்னதும், "அப்படியா!" என்று இன்னும் நெருங்கி, ஃபிளாஸ்கிலிருந்து சூடான ஏதோ ஒரு பானத்தை மூடியில் ஊற்றித் தந்தார். குடித்தேன். கறுவாப்பட்டை வாசம் வந்தது.

கடைசி நொடிகள். இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம். சின்னவன் மறுபடி ஓடி வந்தான். அடித்தால் வெற்றி. அந்தத் தாய் எதையும் கேட்காமல் ஒரு கையால் என் கையையும் மறு கையால் டிலானியின் கையையும் பிடித்துக்கொண்டார்.

மாதாவே, என்று நான் வேண்டினேன். விளையாட்டுக்காக நான் மாதாவைக் கூப்பிட்டது அதுதான் முதலும் கடைசியும். வெற்றிக்காக வேண்டவில்லை. என் மகள் சொன்ன பொய் உண்மையாக வேண்டும் என்று வேண்டினேன்.

பந்து இடது கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது.

சுற்றிவர இருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்கள். பின்னால் ஒருவன் தொப்பியைக் கழற்றி வீசினான். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் என்னென்னவோ சொன்னார்கள். எல்லாம், மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தாய்க்கு விளங்கும்படி. அவர் என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "அவன் பசியோடு இருப்பான்" என்றார். ஃபிளாஸ்கை மூடினார். போர்வையை நாலாக மடித்தார். படிகளில் இறங்கிப் போனார்.

ஏரிக்கரை ரயில்

அடுத்த நாள் காலை ரயிலில் திரும்பினோம். டிலானி ஜன்னல் பக்கம். நான் எதிரே. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் பின்வரிசை தூங்கியதைப் பற்றி, பிரின்சிப்பல் திரும்பத் திரும்ப நடுவாலேயே ஓடவிட்டதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தேன். டிலானி "ம்" கொட்டினாள். பிரெகென்ஸ் தாண்டி, போடன் ஏரி பனிமூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"அப்பா, நேற்று நீங்கள் கத்தினது ஞாபகம் இருக்கோ?"

"ஓம் பிள்ளை. பிழைதான். நல்லகாலம், அந்த மனுசிக்கு விளங்கேல்லை."

"எனக்கு விளங்கினது."

"உனக்கு விளங்கும்தானே."

"அப்பா, அது அதே வசனம். எனக்குக் கிமிச் சோதினை சரிவராமல் போனபோது நீங்கள் சொன்ன வசனம். ஒரு சொல்லும் மாறேல்லை."

சூரிச் பக்கம் பிள்ளை வளர்த்தவர்களுக்குக் கிமிச் சோதினையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் எழுதுகிற நுழைவுச் சோதனை. பாஸ் பண்ணினால் ஜிம்னாசியம், பிறகு பல்கலைக்கழகம். எங்கள் ஆட்களுக்கு அது பிள்ளையின் தலையெழுத்து மாதிரி. டிலானி அதில் தவறினாள். பிறகு தொழிற்பயிற்சி, அதற்கு மேல் படிப்பு என்று சுற்றி வந்துதான் இந்த வேலைக்குப் போனாள்.

"நான் கவலைப்பட்டனான், ஓம்," என்றேன். "ஆனா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

"மாமா வீட்டிலை, ஞானஸ்நானச் சாப்பாட்டிலை, எல்லாருக்கும் முன்னாலை சொன்னீங்கள். 'அதைக்கூடச் செய்யத் தெரியாட்டி நீ என்னத்துக்கு' எண்டு. நான் கையிலை கேக் வைச்சிருந்தனான்."

"இல்லைப் பிள்ளை. நீ சின்னப் பிள்ளை. வேறை யாரோ சொன்னதை நான் சொன்னதெண்டு..."

அவள் என்னையே பார்த்தாள். நான் அவசரமாக வேறொன்றைச் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"அந்த வருஷம்தானே நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து மட்ச் பாக்கத் தொடங்கினம்? கோவமெண்டா நீ என்னோடை வந்து இருந்திருப்பியோ?"

என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன கதை அதுதான். சோதனை தவறிய வருடம் பிள்ளை வாடிப்போய் இருந்தாள், ஒரு ஞாயிறு மடிக்கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அன்றிலிருந்து இருவரும் ஒரே அணி. கலியாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா, உங்களோடை கதைக்காமல் இருக்கத்தான் நான் அதைப் போட்டனான்," என்றாள் டிலானி. குரல் உயரவில்லை. "மூண்டு மணித்தியாலம் ஓடும். அவ்வளவு நீளமா வேறை ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் வந்து பக்கத்திலை இருந்தீங்கள். எழும்பிப் போகப் பயமா இருந்தது."

காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

சூரிச்சில் இறங்கினோம். அவள் ஃப்ரிபூர்க் ரயிலுக்குப் போக வேண்டும். "போயிட்டு வாறன் அப்பா" என்றாள். எப்போதும் சொல்வதுதான். நான் ஊஸ்டருக்குப் போகிற உள்ளூர் ரயிலில் ஏறினேன்.

ஜெசிந்தாவின் சாட்சியம்

ஜெசிந்தா முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. அன்று அவள் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன்.

"இஞ்சேரும், டிலானிக்குக் கிமி சரிவராத நேரம் நான் ஏதும் சொன்னனானோ?"

அவள் கையில் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றாள். "இப்ப ஏன் கேக்கிறீங்கள்?"

"சொன்னனானோ, இல்லையோ?"

"சொன்னனீங்கள். அண்ணா வீட்டு ஞானஸ்நானத்திலை."

"என்ன சொன்னனான்?"

அவள் சொன்னாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

பொய் சொல்கிறோம் என்று தெரிந்து பொய் சொல்வது ஒரு மாதிரி. நான் ரயிலில் சொன்னது அப்படியில்லை. உண்மையாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞானஸ்நான வீட்டில் பரிமாறிய ஆட்டுக்கறியின் உறைப்பு ஞாபகம் இருக்கிறது. மச்சான் போட்டிருந்த கழுத்துப்பட்டி ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளை கேக்கோடு நின்றது மட்டும் இல்லை. ஒரு மனுசனுடைய தலைக்குள் இப்படி ஒரு ஓட்டை இருக்கலாமா?

"ஏன் நீர் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னனான். 'பிள்ளைக்கு நல்லதுக்குத்தானே' எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் தொலைக்காட்சியைப் போட்டனீங்கள்."

அதுவும் எனக்கு ஞாபகமில்லை.

சரிவு

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. நானே அவளுக்கு அழைப்பு எடுத்தேன். "டியூட்டி அப்பா" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் டியூட்டி.

எங்கள் அணியும் அந்த வாரங்களில்தான் இடிந்து விழுந்தது. இப்படி ஒரு சரிவை நான் கண்டதில்லை. வென்றுகொண்டிருந்த அதே ஆட்கள், அதே சட்டை. கப்டனின் முழங்கால் பிசகியது. மாற்றாக வந்தவன் பந்தை எங்கள் ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் எறிந்தான். பெரிய முன்னிலையில் இருந்த ஓர் ஆட்டத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பறிகொடுத்தோம். நான் கோப்பியைக் கையில் வைத்தபடியே இருந்தேன். ஆட்டம் முடிந்தபோது அது ஆறி ஆடை கட்டியிருந்தது.

பழி முழுவதும் சின்னவன் தலையில் விழுந்தது. அமெரிக்க விமர்சகர்கள், ரசிகர்கள், எல்லாரும் மியூனிக்கையே சொன்னார்கள். அங்கே தொடங்கியதுதான் இந்தச் சரிவு என்றார்கள். ஒரு மாதம் முன்னால் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

தனியாக உட்கார்ந்து மியூனிக் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். முதல் பாதியில் கையில் வந்து விழுந்த பந்தை எங்கள் ஓட்டக்காரன் தவறவிட்டிருக்கிறான். அது ஆறு புள்ளி. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் பின்வரிசையில் இரண்டு பேர் ஒரே ஆளைத் துரத்தி, மற்றவனைச் சும்மா விட்டிருக்கிறார்கள். பிரின்சிப்பல் நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் கரைத்திருக்கிறார். இத்தனை பேர் செய்த இத்தனை பிழையும் சேர்ந்து, கடைசியில் அந்தச் சின்ன மனுசனின் வலது காலில் வந்து நின்றிருக்கிறது. இது என் அபிப்பிராயம். யாரோடும் வாதாடத் தயார்.

ஆனால் அவன் பயந்துபோனதும் உண்மை. மியூனிக்குக்குப் பிறகு அவன் ஓடி வரும்போது கடைசி அடி குறுகிப் போனது. உதைத்த பிறகு பந்தைப் பார்க்க மாட்டான், ஓரத்தில் நிற்கிற பிரின்சிப்பலின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையைக் கண்டதும் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

ஃப்ரிபூர்க்

சீசனின் கடைசி ஞாயிறு வந்தது. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. மத்தியானம் ஜெசிந்தாவிடம், "நான் பிள்ளையிட்டைப் போறன்" என்றேன். அவள் உடனே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்சல் கட்டத் தொடங்கினாள். வேண்டாம் என்றேன். சாப்பாட்டைக் கொடுத்துச் சமாளிப்பது என் பழைய வழக்கம். அன்றைக்கு வெறுங்கையோடு போக வேண்டும் என்று பட்டது.

டிலானியின் குடியிருப்பு ஃப்ரிபூர்க் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் பயந்துபோனாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதுமோ?"

"அம்மா சுகமா இருக்கிறா. நான் சொல்ல வந்தனான்." ரயிலில் இரண்டு மணித்தியாலம் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. "நான் அப்பிடிச் சொன்னனான் பிள்ளை. எனக்கு இப்பவும் ஞாபகம் வரேல்லை. ஆனா சொன்னனான். ரயிலிலை உன்னைப் பொய்க்காரி ஆக்கினதும் நான்தான். ரெண்டும் பிழை."

கதவை அகலத் திறந்தாள். "உள்ளுக்கு வாங்கோ அப்பா. குளிருது."

தேநீர் போட்டாள். ஏழு மணிக்கு, ஒருவரையொருவர் கேட்காமலே, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

அன்று எங்கள் அணி பழைய அணி போல ஆடியது. விட்டதைப் பிடித்து, பிடித்ததை விட்டு, கடைசியில் ஒரு புள்ளி பின்னால், கம்பத்துக்கு வெகு பக்கத்தில், சில நொடிகள் மீதி. பாடசாலைப் பிள்ளைகூட அடித்துவிடுகிற தூரம். அடித்தால் வெற்றி.

சின்னவன் தலைக்கவசத்தைப் போட்டுப் பட்டியை இறுக்கினான். இரண்டு அடி மைதானத்துக்குள் வைத்துவிட்டான். பிரின்சிப்பல் கையை நீட்டி மறித்தார். திரும்பிப் போகச் சொன்னார். பந்தோடு ஓடச் சொல்லி மற்றவர்களை அனுப்பினார்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். "அவனை விடுங்கோடா! அவன் அடிப்பான்! விடுங்கோடா அவனை!"

ஓடியவனைக் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். சீசன் முடிந்தது. அறிவிப்பாளரே "ஏன்?" என்று இரண்டு தரம் கேட்டார். அவ்வளவு பக்கத்தில் உதைப்பவனை நம்பாத ஒரு பயிற்சியாளரை அவரும் கண்டதில்லை போலிருக்கிறது. கமரா சின்னவனைக் காட்டியது. அவன் பட்டியைக்கூட அவிழ்க்காமல், போட்ட தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தான். சில வாரங்களில் அணி அவனை விடுவித்தது. வேறோர் அணி எடுத்திருக்கிறதாம். நல்லா அடிக்கிறானாம்.

டிலானி தொலைக்காட்சியை நிறுத்தினாள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"இருங்கோ அப்பா."

இருந்தேன். பதினைந்து வருடமாகக் கேட்காத ஒரு கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது.

"பிள்ளை, அந்தச் சோதினையிலை அண்டைக்கு என்ன நடந்தது? நான் ஒருநாளும் கேக்கேல்லை."

அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும் அப்பா."

"என்ன?"

"கணக்கிலை கடைசிப் பக்கம். அஞ்சு கணக்கும் தெரியும். எழுதாமல் விட்டனான்."

எனக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. "வேணுமெண்டோ?"

"வேணுமெண்டுதான். என்ரை மேசை ஜன்னலுக்குப் பக்கத்திலை. நீங்கள் வெளியிலை பனிக்குள்ளை நிண்டனீங்கள். செபமாலையைக் கையிலை வைச்சுக்கொண்டு அங்கையும் இஞ்சையும் நடந்தனீங்கள். உங்கடை தொப்பியெல்லாம் வெள்ளை. நான் நினைச்சன், இதைப் பாஸ் பண்ணினா இன்னும் ஆறு வருஷம். ஒவ்வொரு சோதினைக்கும் அப்பா இப்பிடி வந்து நிப்பார் எண்டு. பேனையை மூடி வைச்சிட்டன்."

நான் நின்றது உண்மை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரைநாள் லீவு எடுத்து, கால் விறைக்க, முழு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையையும் இரண்டு தரம் சொன்னேன். என் பிள்ளைக்காக நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக அதை இத்தனை வருடமும் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன்.

"நான் உனக்குத் துணையா நிண்டனான் எண்டுதான்..."

"தெரியும். இப்ப தெரியும். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு." அவளுடைய கண் நிறைந்திருந்தது. "நீங்கள் கத்தினபோது நான் திருப்பி ஒண்டும் சொல்லேல்லை. ஏனெண்டா நான் வேணுமெண்டு செய்தனான். அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம். அம்மாவுக்கும் தெரியாது."

என் கை அவள் கோப்பைப் பக்கம் போய், என்ன செய்வது என்று தெரியாமல் மேசையில் நின்றது. அவள் தன் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். கோப்பையின் சூடு அவள் உள்ளங்கையில் இருந்தது. பிறகு அவள் அந்த ஐந்து கணக்கில் ஒன்றைச் சொன்னாள். இரண்டு ரயில், எதிரெதிர்த் திசை, எங்கே சந்திக்கும். எனக்கு விடை வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள்.

அந்த நேரம் ஜெசிந்தா தொலைபேசி எடுத்தாள்.

"என்ன, தோத்திட்டினமோ?"

"ஓம். எல்லாம் முடிஞ்சுது. கடைசி ரயிலுக்கு அவசரப்படேல்லை. நாளைக்குத்தான் வாறன்."

"பிள்ளை என்ன செய்யுறாள்?"

"பக்கத்திலைதான் இருக்கிறாள். கதைச்சுக்கொண்டு இருக்கிறம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க்குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"மட்ச் முடிஞ்ச பிறகுமோ?" என்று கேட்டாள் ஜெசிந்தா.